மெஷின் லேர்னிங் ஆராய்ச்சியில் முதல் வருஷம்: வேலூர்ப் பக்கத்து ஸ்காலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடி, சேர்க்காடு, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் எங்கே பிஎச்டி சேர்ந்தாலும் முதல் வருஷம் வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். லேபுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். படம், எழுத்து, பேச்சு, அட்டவணை என்று ஏதாவது ஒரு டேட்டாவை வைத்து மாடல் (டேட்டாவைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரல்) பழக்குகிறவர்களுக்கானது இது. தேற்றம் நிரூபிக்கப் போகிறவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

முதல் ஆறு மாதம் என்னதான் செய்வது?

கோர்ஸ்வொர்க் ஒரு பக்கம் ஓடும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி குறைந்தது 12 கிரெடிட், ஆராய்ச்சி நெறிமுறைப் பாடமும் அதற்குள் வந்துவிடும். மிச்ச நேரத்தில் ஒரே ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு, அதன் அட்டவணையில் இருக்கிற ஒரே ஒரு எண்ணை உங்கள் கையால் வரவழையுங்கள். அவர்கள் கொடுத்த கோடை (நிரலை) இறக்கி ஓட்டுவது ஒரு மத்தியான வேலை, அதைச் சொல்லவில்லை. பேப்பரைப் படித்து, நீங்களே முதலிலிருந்து எழுதி, எண் ஒத்துவராதபோதுதான் அவர்கள் கோடைத் திறந்து பார்க்க வேண்டும்.

எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், 2015இல் வந்த ரெஸ்நெட் என்ற பட மாடலின் பேப்பரில் சிஃபார்-10 (பத்து வகைச் சின்னப் படங்களின் பொது டேட்டாசெட்) படங்களுக்கான 20 அடுக்குச் சின்ன மாடல் ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள். பழைய ஜிபியுவே (மாடல் பழக்க உதவும் கிராஃபிக்ஸ் கார்டு) தாங்கும். பிழை 8.75 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு முதல் தடவை 11, 12 என்று நிற்கும். அந்த வித்தியாசம் எங்கே போச்சு என்று தேடுவதில்தான் மொத்தப் படிப்பும் இருக்கிறது. படத்தைச் சுற்றி 4 பிக்சல் ஓரம் சேர்த்து, மறுபடி 32க்கு 32 ஆக இஷ்டத்துக்கு ஓர் இடத்தில் வெட்டுவதை விட்டிருப்பீர்கள். லேர்னிங் ரேட்டை (ஒவ்வொரு சுற்றிலும் மாடலை எவ்வளவு மாற்றுவது என்ற அளவு) 0.1இல் ஆரம்பித்து 32,000ஆவது, 48,000ஆவது சுற்றில் பத்தில் ஒன்றாகக் குறைத்திருக்க மாட்டீர்கள். வெயிட் டிகே (வெயிட்டுகள், அதாவது மாடலின் உள் எண்கள், பெரிதாகாமல் பிடித்து வைக்கும் அளவு) 0.0001 என்பது பேப்பரின் ஒரே ஒரு வரியில் இருக்கும், கண்ணில் பட்டிருக்காது. இதெல்லாம் சில்லறை விஷயம் மாதிரிதான் தெரியும். ஆனால் நாளைக்கு உங்கள் புது மாடல் பழையதைவிட ஒரு சதவீதம் கூட என்று எழுதப்போகிறீர்களே, இந்தச் சில்லறை ஒவ்வொன்றும் அந்த ஒரு சதவீதத்தைத் தின்றுவிடும்.

புது ஆர்க்கிடெக்சர் கண்டுபிடிக்கிறேன் என்று முதல் வருஷமே அகலக்கால் வைக்காதீர்கள். பிஎச்டிக்குக் குறைந்தது 3 வருஷம், கூடினால் 6 வருஷம் என்றுதான் விதியே இருக்கிறது, நேரம் இருக்கிறது.

கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, கொஞ்சம் கால்குலஸ். எம்.இ., எம்.டெக்.கில் பாஸ் ஆனது போதாது, கை பழக வேண்டும். ஒரு சின்னச் சோதனை: சாஃப்ட்மேக்ஸும் (மாடலின் எண்களை நிகழ்தகவாக்குவது) கிராஸ் என்ட்ரபியும் (அது சரியான விடையிலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு) சேர்ந்த லாஸை, அதாவது மாடலின் தப்பை அளக்கும் எண்ணை, பேனா பேப்பர் வைத்து, புத்தகம் பார்க்காமல் டெரிவேட்டிவ் எடுங்கள். கடைசியில் மாடல் சொன்ன நிகழ்தகவில் இருந்து சரியான விடையைக் கழித்தால் வருவது மட்டும் மிஞ்சும். அது தானாக வந்துவிட்டால் மேலே போகலாம். வராவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர்கள் பி. ரவீந்திரன், மிதேஷ் கப்ரா இருவரின் பாடங்களும் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத் தலையாட்டுவது படிப்பில் சேராது.

லாஸ் குறையவே மாட்டேங்குது, என்ன பண்றது?

மூன்று விஷயம் பாருங்கள், இதே வரிசையில்.

பழக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், முதல் லாஸ் எவ்வளவு என்று அச்சிடுங்கள். பத்து வகை இருந்தால் ஒன்றும் தெரியாத மாடல் எல்லாவற்றுக்கும் பத்தில் ஒரு பங்குதான் தரும், அப்படியானால் லாஸ் 10இன் நேச்சுரல் லாக், அதாவது 2.3 பக்கம் இருக்க வேண்டும். ஆயிரம் வகை என்றால் 6.9. உங்களுக்கு முதலிலேயே 14 வந்தால் கடைசி அடுக்கிலோ, ஆரம்ப வெயிட்டிலோ கோளாறு. 0.4 வந்தால் இன்னும் மோசம், விடை எங்கேயோ உள்ளே கசிகிறது.

அப்புறம், எட்டே எட்டு படத்தை மட்டும் கொடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். எட்டையும் மனப்பாடம் பண்ணி லாஸ் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் கோடில் தப்பு. டேட்டா போதவில்லை, மாடல் சின்னது என்றெல்லாம் கைடிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, மாடலுக்குள் போகிற கடைசிக் கட்டத்தில் படத்தைத் திரையில் போட்டுக் கண்ணால் பாருங்கள், பக்கத்தில் லேபிளோடு. இதைச் செய்யச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். படம் தலைகீழாக, சிவப்பும் நீலமும் இடம் மாறி, லேபிள் ஒரு வரிசை தள்ளிப் போய், இப்படியே வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்ததை இந்த ஒரு பார்வையில்தான் பிடித்திருக்கிறோம்.

98 சதவீதம் அக்யூரசி வந்துடுச்சு. பேப்பர் எழுதலாமா?

எழுதலாம், அதற்கு முன்னால் ஒரு வாரம் அந்த எண்ணைக் கவிழ்க்கப் பாருங்கள். கேன்டீனில் எதிர்ப்பட்டால் “இன்னாப்பா, எவ்ளோ வந்துது?” என்றுதான் எல்லாரும் கேட்பார்கள், எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகள் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், தோலில் குறை கண்டுபிடிக்கிற தலைப்பு எப்போதும் யாராவது ஒருத்தர் கையில் இருக்கும். ஒரு ஆட்டுத்தோலைப் படம் எடுத்து நூறு, இருநூறு துண்டாக வெட்டுவார்கள். இப்படி நாற்பது தோலின் துண்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, 80 சதவீதம் பழக்க, 20 சதவீதம் சோதிக்க என்று பிரிப்பார்கள். ஒரே கத்திக் கீறலின் தலை பழக்குகிற பக்கம், வால் சோதிக்கிற பக்கம்! மாடல் உண்ணிக்கடித் தழும்பையும் கீறலையும் கற்றதா, அந்தந்தத் தோலின் நிறத்தையும் மயிர்க்கால் வரிசையையும் அடையாளம் வைத்துக்கொண்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. 98 வரத்தான் செய்யும். தோல்வாரியாகப் பிரித்தால் எண் சட்டென்று இறங்கும், அந்த இறங்கிய எண்தான் உங்களுடையது. ஒரு டேனரியின் தோலில் பழக்கி இன்னொரு டேனரியின் தோலில் சோதித்தால் இன்னும் உத்தமம். வெளிச்சம், கேமரா, வெட் ப்ளூ (குரோம் பதனிட்ட ஈரத்தோல்) பதம் எல்லாமே மாறும், அங்கேயும் நின்றால் அது பேப்பர்.

மருத்துவப் படத்திலும் இதே கதைதான். செஸ்ட் எக்ஸ்ரே-14 என்ற பொது டேட்டாசெட்டில் 1,12,120 படங்கள், ஆனால் நோயாளிகள் 30,805 பேர்தான். படவாரியாகக் கலக்கினால் ஒரே ஆளின் நெஞ்சு இரண்டு பக்கமும் நிற்கும், அதனால் ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஆள்வாரியாகப் பிரித்தாலும் முழுசாகத் தப்பிக்க முடியாது: 2018இல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரேக்களை வைத்து வந்த ஓர் ஆய்வில், நிமோனியா கண்டுபிடிக்கப் பழக்கியதைப் போன்ற ஒரு நெட்வொர்க், படம் எந்த ஆஸ்பத்திரியுடையது என்பதைக் கிட்டத்தட்ட பிசகாமல் சொன்னது. ஓர் இடத்தில் நிமோனியாக்காரர்கள் அதிகம் என்றால் இடத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி விடை வந்துவிடும், நுரையீரலைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

சோதனை டேட்டாவை எத்தனை தடவை தொட்டீர்கள் என்பதும் கணக்கில் வரும். டெஸ்ட் எண் பார்த்துப் பார்த்து லேர்னிங் ரேட்டை மாற்றினால் அது டெஸ்ட் இல்லை, வேலிடேஷன் (அமைப்பைச் சரிசெய்யப் பார்க்கும் பங்கு). கடைசியில் ஒரே தடவை திறப்பதற்கென்று ஒரு பங்கை எடுத்து, முடிந்தால் லேபில் வேறு ஒருத்தரிடம் கொடுத்து வையுங்கள்.

சீடு (தற்செயல் எண்களின் தொடக்க எண்) மாற்றி ஓட்டினீர்களா? 2018இல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கில் (வெகுமதி பார்த்துப் பழகும் முறை) ஒரு வேடிக்கை செய்து காட்டினார்கள். ஒரே அல்காரிதம், ஒரே அமைப்பு, சீடு மட்டும் வேறு, பத்து ஓட்டம். அதை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சராசரி எடுத்தால் இரண்டும் வேறு வேறு அல்காரிதம் மாதிரி விலகி நின்றன. ஒரே ஓட்டத்தில் வந்த 0.6 சதவீத முன்னேற்றத்தை வைத்துப் பேப்பர் எழுதுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது ஐந்து சீடு, சராசரியோடு விலக்கமும்.

ஒப்பிட எந்த பேஸ்லைன் வைப்பது?

உங்களைத் தோற்கடிக்கக்கூடியதை வையுங்கள். நம்மூர் ஆய்வேடுகளில் வழக்கமாக நடப்பது, சொந்த மாடலை மாதக்கணக்கில் செதுக்கிவிட்டு, எதிராளியை டிஃபால்ட் அமைப்பில் ஒரு தடவை ஓட்டி விடுவது. 2018இல் எல்எஸ்டிஎம் என்ற பழைய மாடலையே ஒழுங்காக ட்யூன் பண்ணி, அதற்குப் பின்னால் வந்த நவீன மாடல்களை முந்திக் காட்டினார்கள். இருவருக்கும் ஒரே அளவு தேடல் நேரம் கொடுங்கள். அட்டவணை டேட்டா என்றால் எக்ஸ்ஜிபூஸ்ட் (முடிவு மரங்களை அடுக்கும் முறை) இல்லாமல் ஒப்பீட்டை யாரிடமும் காட்டாதீர்கள், பல நேரம் அதுவே ஜெயித்துவிடும்.

ஜிபியு இல்லை, என்ன செய்ய?

கேகில் இணையத் தளத்தில் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் ஜிபியு இலவசம், கூகுளின் கோலாபிலும் 16 ஜிபி நினைவகமுள்ள டி4 ஜிபியு கிடைக்கும், ஆனால் நடுவில் பிடுங்கிக்கொள்ளும். மத்திய அரசின் இந்தியா ஏஐ மிஷன் வழியாக மானிய விலையில் ஜிபியு நேரம் கொடுக்கிறார்கள், கைடு மூலம் விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். 2012இல் உலகத்தைத் திருப்பிப்போட்ட அலெக்ஸ்நெட் என்ற பட மாடல் ஆளுக்கு 3 ஜிபி நினைவகமுள்ள இரண்டு கேமிங் கார்டில்தான் ஓடியது, இதை ஆறுதலுக்காகவும் சொல்கிறேன், கணக்குக்காகவும் சொல்கிறேன்.

கணக்கு என்றது இதுதான். 700 கோடி பாராமீட்டர் (உள் எண்) இருக்கிற மாடலை எண் ஒன்றுக்கு 2 பைட் வீதம் சும்மா ஏற்றி வைக்கவே 14 ஜிபி. ஆடம் என்ற பழக்கும் முறையை வைத்து முழுசாகப் பழக்கினால் வெயிட், கிரேடியன்ட் (வெயிட்டை எந்தப் பக்கம் மாற்றுவது என்ற எண்), ஆடமின் இரண்டு நினைவு எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 16 பைட் பக்கம், அதாவது 112 ஜிபி. அதனால் உங்கள் லேப் மெஷினில் அது நடக்காது. லோரா மாதிரி முறையில் மாடலோடு சேர்க்கும் சின்ன ஒட்டை மட்டும் பழக்கலாம், இல்லையென்றால் கேள்வியையே சின்ன மாடலில் கேட்கலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும்.

சொந்தமாக கார்டு வாங்கி ரூமில் வைத்திருப்பவர்கள்: ஆர்டிஎக்ஸ் 3090 முழு வேகத்தில் 350 வாட் இழுக்கும், நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட். கத்திரி வெயிலில் வேலூரில் ஃபேன் காற்றே அனலாக அடிக்கும்போது கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மே மாதம் ஓட்டம் மெதுவானால் எழுதின நிரலைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட் போகும் என்று நினைத்தே செக்பாயின்ட் (அதுவரை பழக்கியதன் சேமிப்பு) எழுதுங்கள், அரை மணிக்கு ஒன்று.

இந்த ஊரில் இருந்துகொண்டு என்ன தலைப்பு எடுக்கலாம்?

தோல் ஏற்கனவே சொன்னேன். ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, விண்மீன் ஒளியளவுத் தொடர்களில் ஆர்வம் இருப்பவர்கள் இயற்பியல்காரர் ஒருத்தரைச் சேர்த்துக்கொண்டு யோசிக்கலாம்.

தமிழ் மொழி இன்னும் பெரிய சுரங்கம். ஆங்கிலத்தில் வேலூர் என்று எழுத 7 பைட், தமிழில் எழுதினால் 18. எழுத்துக்குறி ஒன்றுக்கு 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. தமிழ் அதிகம் பார்க்காத டோக்கனைசர் (எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டி மாடலுக்குக் கொடுக்கும் நிரல்) நம் சொல்லை உதிர்த்துப் போட்டுவிடும். அதே வாக்கியத்துக்குப் பல மடங்கு டோக்கன், செலவும் அத்தனை மடங்கு. ‘கொ’ என்ற எழுத்தையே எடுங்கள், கொம்பையும் காலையும் இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம், திரையில் இரண்டும் ஒன்று, மாடலுக்கு வேறு வேறு. சுத்தப்படுத்தாமல் சொற்களை எண்ணினால் கணக்கே தப்பும். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு 22 மொழிகளுக்கு மொழிபெயர்ப்பு மாடலும் டேட்டாவும் பொதுவில் வைத்திருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். பேச்சு என்றால் குடியாத்தம் சந்தையில் தெலுங்கு கலந்து வருகிற தமிழையும், ஆம்பூர் பஜாரில் உருதுவும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வருவதையும் ஒரு பேச்சுணரி மாடலுக்குக் கொடுத்துப் பாருங்கள். எங்கே உடைகிறது என்று ஒழுங்காகப் பதிவு செய்தாலே முதல் பேப்பருக்கு விஷயம் தேறும்.

சிஎம்சி பக்கத்தில்தானே இருக்கு, ஆஸ்பத்திரி டேட்டா கேட்டு வாங்கலாமா?

டேட்டா கேட்டுப் போகாதீர்கள், கேள்வி கேட்டுப் போங்கள். மருத்துவர் ஒருவர் தன் வேலையில் எதற்குத் திணறுகிறார் என்பதில் இருந்து தலைப்பு வர வேண்டும், அவர் கூட்டு ஆய்வாளராக இருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரியானாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு படம்கூட வெளியே வராது, வரக்கூடாது. மருத்துவத்தில் ஏஐ பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2023இல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது, விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் படியுங்கள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும் என்பதால், காத்திருக்கும்போது பொது டேட்டாவில் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். பென்டிரைவில் தெரிந்தவர் மூலம் வாங்குகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

கைடு பார்க்கவே மாட்டேங்குறார்.

அவருக்கு வகுப்பு, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை, இன்னும் ஏழெட்டு ஸ்காலர். “சார், ஓடிக்கிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தால் அவரும் “சரி, பாருங்க” என்றுதான் சொல்வார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பக்கம் அனுப்புங்கள்: இந்த வாரம் எதைச் சோதித்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, அடுத்து எது, உங்களிடம் ஒரு கேள்வி. ஒன்றே ஒன்று, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். ஒரு வரைபடம் போதும், அச்சுகளுக்குப் பெயர் போட்டு. டாக்டரல் கமிட்டி வரும்போது இந்தப் பக்கங்களை ஒட்டினாலே பாதி அறிக்கை ஆகிவிடும்.

தினமும் இவ்வளவு பேப்பர் வருதே, எப்படிப் படிக்கிறது?

படிக்காதீர்கள். வாரம் இரண்டை முழுசாக, பேனாவோடு. மற்றதெல்லாம் சுருக்கமும் முதல் படமும் அட்டவணையும் பார்த்துவிட்டு நகருங்கள். முழுசாகப் படிக்கிற இரண்டில் ஒன்று பழசாக இருக்கட்டும். போன மாதப் பேப்பர்களில் பாதி அடுத்த வருஷம் யார் நினைவிலும் இருக்காது.

பேப்பர் போட்டே ஆகணுமா? எங்கே?

யுஜிசி 2022 விதிகளில் ஆய்வேடு கொடுக்கப் பேப்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக வைத்திருக்கலாம், சீனியர் சொன்னதை நம்பாமல் உங்கள் வருஷத்து ரெகுலேஷனை வாங்கிப் படியுங்கள்.

பணம் கட்டினால் பதினைந்து நாளில் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் பட்டியல்) என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பிளாக் பண்ணுங்கள். பட்டியலில் இருக்கிற ஜர்னல் என்பதும் ஒரு காப்பு இல்லை: ஹிந்தாவி பதிப்பகத்தில் 2023இல் மட்டும் 8,000க்கும் மேல் பேப்பர்களைத் திரும்பப் பெற்றார்கள். முழுக் காசும் கொடுத்துப் பேரும் போனால் யாரிடம் போய்ச் சொல்வது.

பெரிய மாநாடுகள் என்றால் நியூரிப்ஸ், ஐசிஎம்எல், ஐசிஎல்ஆர். மொழிக்கு ஏசிஎல், படத்துக்கு சிவிபிஆர். இவற்றோடு சேர்ந்து நடக்கும் சின்னப் பட்டறைகளில் முதல் பேப்பரைக் கொடுத்துப் பார்ப்பது நல்ல வழி. டிஎம்எல்ஆர் என்று 2022இல் தொடங்கிய ஜர்னல் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டணம் இல்லை, கெடு தேதி இல்லை, எவ்வளவு புதுசு என்பதைவிடச் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பொறுமையாக அளந்து எழுதுகிறவர்களுக்குத் தோதான இடம்.

சாட்ஜிபிடி வைத்துக் கோடு எழுதலாமா?

எழுதலாம். ஆனால் டேட்டாவைப் பிரிக்கிற வரிகளையும் மதிப்பெண் கணக்கிடுகிற வரிகளையும் மட்டும் நீங்களே எழுதுங்கள். வைவாவில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

வீட்டில் “எப்போ சம்பாதிப்பே” என்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினால் 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (அதன் அடுத்த நிலை) ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பணம் சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாக வரும், கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு சேருங்கள். சேர்ந்த பிறகும் நெட் எழுதலாம், முதல் வருஷத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

சென்னை, பெங்களூருவில் இருக்கிறவர்களோடு போட்டி போட முடியுமா?

காட்பாடி ஜங்ஷன் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது, சென்னை 130 கிலோமீட்டர், காலையில் ரயில் ஏறினால் ஐஐடியில் ஒரு கருத்தரங்கு கேட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். பெங்களூரு ஐஐஎஸ்சி கொஞ்சம் தூரம், இருந்தாலும் ஒரு நாளில் போய்வரலாம். கேட்டுவிட்டு வந்தால் மட்டும் போதாது, பேசியவருக்கு மறுநாளே மெயில் போடுங்கள். “தங்கள் வழிகாட்டுதலை நாடி” என்று ஒரு பக்கம் எழுதாமல், அவர் பேப்பரின் எந்த எண்ணை நீங்கள் மறுபடி ஓட்டிப் பார்த்தீர்கள், எவ்வளவு வந்தது, எங்கே வித்தியாசப்படுகிறது என்று ஆறு வரி, கூடவே கோடு இருக்கிற இணைப்பு. அந்த மாதிரி மெயிலுக்குத்தான் பெரும்பாலும் பதில் வரும்.